துண்டுக்குள் வாங்கிய டி.சி.

என் வலது கை அப்பாவின் துண்டுக்குள் இருந்தது.

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு அன்று மத்தியானம். பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் கூடத்தில் பாய் விரித்துச் சாய்ந்திருந்தார்கள். தெருவில் நாதஸ்வரமும் பலூன்காரன் ஊதலும் மாறி மாறிக் கேட்டன. ராயகிரியிலிருந்து வந்திருந்த என் தாய்மாமா, பாதி மென்ற வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

துண்டுக்குள் ஒரே வெக்கை. அதில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்பாவின் கை காய்ப்புக் காய்த்த முரட்டுக் கை. அது அசையாமல் கிடந்தது.

எனக்குப் பதினேழு வயது முடியவில்லை. அந்தக் கை என்ன சொல்லுமோ அதைப் பொறுத்துத்தான், நான் கணிதம் படிக்கப் போவேனா, இல்லை தை மாதம் மாமா மகனுக்குக் கழுத்தை நீட்டுவேனா என்பது இருந்தது.

அப்பா பருத்தி மண்டிக்காரர். துண்டு போட்டு விலை பேசுவது அவருடைய தொழில். ஆனால் அன்றைக்கு அவரைத் துண்டு போடச் சொன்னது நான். பெற்ற தகப்பனிடம் அப்படிக் கையை நீட்டுகிற அளவுக்கு எனக்குத் திமிர் எப்படி வந்தது என்று சொல்ல, இரண்டு மாதம் பின்னால் போகவேண்டும்.

மதில் சுவர் கல்லூரி

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கதையைப் போன வாரம் எழுதியதும் ஒரு வாசகி, "அந்தக் காலத்திலேயே உங்கள் அப்பா எவ்வளவு முற்போக்கு!" என்று உருகி எழுதியிருந்தார். தாயே, கொஞ்சம் பொறுங்கள். அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது நிஜம். ஆனால் அவருக்குப் பிடித்தது அங்கே இருந்த படிப்பு அல்ல, மதில்.

வடக்கே ரயிலேறிப் போகவேண்டிய ஊரில் இருந்தது அந்தப் பெண்கள் கல்லூரி. பெயர் வேண்டாம். சேர்க்கப் போனபோது அப்பா மதிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. "அருமையான காலேஜ்" என்று என்னிடம் சொன்னார்.

அந்த அருமையான காலேஜில் கணிதம் கிடையாது. இண்டர்மீடியட்டில் கணிதம் படிக்க வேண்டுமானால் முதல் குரூப் எடுக்கவேண்டும். அதில் பௌதிகமும் ரசாயனமும் சேர்ந்து வரும், அதற்குப் பரிசோதனைக் கூடம் வேண்டும். அது இனிமேல்தான் கட்டவேண்டும் என்றார்கள். அதனால் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சரித்திரமும் தர்க்கமும்தான். மனிதர்கள் எல்லோரும் இறப்பவர்கள், ஆகையால் இன்னாரும் இறப்பார் என்று ஒரு வாரம் நிரூபித்தார்கள். இதற்கா ரயில் செலவு செய்து வந்தேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணக்கு எனக்கு எப்போதிருந்து பிடிக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிலருக்குப் புளியங்காய் பிடிக்கிற மாதிரி எனக்குக் கணக்கு. விடை சரியாக வந்தால் நாக்கு ஊறும். அதை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டுப் படி படி என்றால் எப்படிப் படிப்பது?

விடுதியில் என் அறையில் இருந்தவள் கடையநல்லூர் நூர்ஜஹான். அவளுடைய அண்ணன் தெற்கே, திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள்தான் சொன்னாள்.

"ஏட்டி கோமதி, எங்க அண்ணன் காலேஜ்ல மூணு பொம்பளப் புள்ளைய மொதல் குரூப் படிக்காவளாம். அவியளுக்குன்னு தனி பெஞ்சு போட்டிருக்காம்."

நான் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "அப்ப நாலாவது ஆளு ஒக்கார எடம் இருக்குமா?"

"கேட்டுச் சொல்லச் சொல்லுதேன்."

"நீயும் வாயேன்."

"எங்க வாப்பா என்னய இங்கன விட்டதே பெருசு. நீயாவது போய்ப் படி" என்றாள் நூர்ஜஹான். அவள் அதை அழாமல் சொன்னாள் என்பதற்காகவே நான் போய்த் தீரவேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் நாற்காலி

இன்றைக்கு என் தங்கை பேரன் ஒருவன் கல்லூரி மாறவேண்டும் என்று வந்து நின்றான். "என்னடா செய்திருக்கிறாய்?" என்றேன். "இங்கே சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டேன்" என்றான். மடையன். போகிற இடத்தில் நாற்காலி போட்டுவிட்டல்லவா இருக்கிற இடத்தில் எழுந்திருக்க வேண்டும்!

நான் அப்படித்தான் செய்தேன். ஒரே சர்வகலாசாலையைச் சேர்ந்த கல்லூரிகள் என்பதால் மாறலாம், ஆனால் ஆடி முடிவதற்குள் மாறினால்தான் வருகைக் கணக்கு சரியாக வரும் என்று ஆபீஸ் குமாஸ்தாவிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு போனால் ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷம் போனால் தை மாதம் மாமா வீட்டு மேளம் என்னைச் சும்மா விடாது.

விடுதிக்கு வருகிற கடிதத்தை எல்லாம் வார்டனம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் தெற்குக் கல்லூரிப் பிரின்சிபாலுக்கு நான் எழுதியதும், அவர் எனக்கு எழுதியதும் நூர்ஜஹானின் அண்ணன் மூலமாகப் போய், அவர் அவளுக்கு அனுப்புகிற பலகாரப் பொட்டலத்துக்குள் வந்தன. அந்தப் பிள்ளையை நான் நேரில் பார்த்தது பிற்பாடுதான். பதில் சுருக்கமாக இருந்தது: இடம் உண்டு, டி.சி. கொண்டு வரவேண்டும், பெண்களுக்கு விடுதி இல்லாததால் உறவினர் வீட்டில் தங்கவேண்டும்.

உறவினர் வீடா? பாளையங்கோட்டையில் அப்பாவின் தங்கை, என் அத்தை இருந்தாள். மாமனார் மாமியாருக்கு வெந்நீர் போட்டே அலுத்துப் போனவள். "வாட்டி மக்கா, எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆளு வேணும்" என்று எழுதிவிட்டாள்.

பாக்கி டி.சி. மட்டும்.

எங்கள் பிரின்சிபாலம்மா கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"ஆண்கள் கல்லூரிக்கா? இங்கே உனக்கு என்ன குறை?"

"கணிதம் இல்லை மேடம்."

"கணிதம் இல்லாவிட்டால் வாழ முடியாதா?"

"முடியும் மேடம். ஆனால் எனக்கு இஷ்டமில்லை."

அவர் முகம் சிவந்துவிட்டது. "உன் அப்பா இங்கே வந்து, என் முன்னால் நின்று, அவர் வாயால் சம்மதம் என்று சொல்லட்டும். அதுவரை டி.சி. கிடையாது" என்றார். எனக்கு விடை தெரிந்துவிட்டது, ஆனால் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. அப்பாவின் வாய் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லவே சொல்லாது.

வாய் வேறு, கை வேறு

தபசுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அதுதான் தப்பு. மாமா பக்கத்தில் இருந்தார், மண்டியாட்கள் வாசலில் நின்றார்கள்.

"முடியாது" என்றார் அப்பா. மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

நான் சாப்பிடமாட்டேன் என்று மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். அம்மா சோற்றுக் கும்பாவோடு வந்து நின்றாள். "ஏன் இப்பிடி ஒத்தக்கால்ல நிக்க? பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது" என்றாள்.

என் பெயரை உடைய அம்மன் இந்தத் தபசில் நினைத்ததைச் சாதிக்க ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதைப் பார்க்க இளையரசனேந்தலிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் வண்டி கட்டி வந்து, விளைந்த பருத்தியையும் வத்தலையும் அவள்மேல் வீசிக் கும்பிடுகிறார்கள். நான் நின்றால் மட்டும் ஆங்காரமா? இதை அம்மாவிடம் கேட்டேன். கும்பாவை டங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

படியில் உட்கார்ந்துதான் யோசித்தேன். வயதுக்கு வருகிறவரை நான் மண்டியிலேயே வளர்ந்தவள். பருத்திப் பொதிகளின்மேல் ஏறி உட்கார்ந்து எத்தனை பேரம் பார்த்திருக்கிறேன்! அங்கே அப்பா வாயால் சொன்னது ஒன்றுகூட நடந்ததில்லை. "இந்தப் பருத்திய எவன் வாங்குவான், எடுத்துட்டுப் போவே" என்று ஊர் கேட்கக் கத்துவார். கத்திக்கொண்டே துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். விற்கிறவனும் வாங்குகிறவனும் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் உண்மையான விலையைச் சொல்லிக்கொள்வார்கள். யார் இறங்கினார், யார் ஏறினார் என்பது சுற்றி நிற்கிற ஒருவருக்கும் தெரியாது. யாருக்கும் தலைக்குனிவு இல்லை.

அதற்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. சரக்கு இன்னது என்பதை எல்லோரும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லவேண்டும். விலை மட்டும்தான் துண்டுக்குள். விரலைக் கொடுத்தவன் சரக்கை ஒப்புக்கொண்டவன், அதற்குமேல் சரக்கு சொத்தை என்று பேசக்கூடாது. விற்கவோ வாங்கவோ இஷ்டமில்லாவிட்டால் கையை மூடிக்கொண்டால் போதும், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அப்பாவுக்கென்று ஒரு பழக்கமும் உண்டு. கையை நீட்டியவனுக்குத் துண்டு போடாமல் அவர் எழுந்ததே இல்லை. பிடிக்காத சரக்கு என்றால் ஒற்றை விரலைத் தொட்டுக் கேவலமான விலை சொல்வார். வந்தவன் தானாகவே எழுந்து போய்விடுவான்.

அந்த ஒற்றை விரல் போதுமே எனக்கு!

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் சித்திரையில் மாமா தன் பருத்தியைத் துண்டுக்குள் பேசி முடித்துவிட்டு, மறுநாள் விலை ஏறியதும் ஓடிவந்தார். சொந்த மைத்துனர் என்றுகூட அப்பா பார்க்கவில்லை. "துண்டுக்குள்ள முடிஞ்சது முடிஞ்சதுதான் மச்சான்" என்று அனுப்பிவிட்டார். அதை நாலு பேரிடம் சொல்லிப் புலம்பியவர் மாமா.

படியிலிருந்து இறங்கிவந்து கும்பாவில் இருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். அம்மா பயந்துபோய்ப் பார்த்தாள்.

கூடத்தில் மண்டி

மறுநாள் தபசு. பந்தி முடிந்ததும் மாமா பேச்சை எடுத்தார். "தையில ஒரு நல்ல முகூர்த்தம் இருக்கு அத்தான். காலேஜ் கீலேஜ்னு இழுத்துக்கிட்டுக் கெடக்காம முடிச்சிருவோம்." அப்பா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் வெற்றிலைத் தட்டை வைக்கிற சாக்கில் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வலது கையை நீட்டினேன்.

"அப்பா, துண்டப் போடுங்க."

பாயில் சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். மாமாதான் சிரித்தார். "என்னட்டி, ஒன்ன நீயே விக்கப் போறியா?"

"விக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் மாமா வந்து ஒக்காந்திருக்கேன்."

அப்பாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "சரக்கு, தெக்க உள்ள காலேஜ்ல கணக்குப் படிப்பு. எத்தன வருசம்னு கையில சொல்லுங்க."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. நாற்பது பேர் பார்க்கிறார்கள், ஒரு கை நீட்டிக் கிடக்கிறது. இத்தனை வருஷத்துப் பழக்கம் எங்கே போகும்? தோளிலிருந்த துண்டு என் கைமேல் வந்து விழுந்தது.

முதலில் சொன்னேனே அந்த அசையாத கை, அது அப்போதுதான்.  கையை மூடிக்கொள்வாரோ என்று பயந்தேன். மூடினால் எல்லாம் போயிற்று.

அப்பாவின் விரல்கள் நகர்ந்தன. என் ஆள்காட்டி விரலை மட்டும், வேண்டா வெறுப்பாக, ஒரு தொடு தொட்டன. ஒன்று.

"வெல சொல்லிட்டாவ!" என்று கூவிவிட்டேன். "சரக்க ஒத்துக்கிட்டாவ!"

மாமாவுக்குத்தான் முதலில் உறைத்தது. சூடு பட்டவர் அல்லவா? "மாட்டிக்கிட்டியளே அத்தான்!" என்று பாயிலிருந்து எழுந்தார். "இது வெளாட்டு, செல்லாது. துண்ட எடுங்க."

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சித்திரையில ஒமக்குச் செல்லுனது இன்னைக்கு எனக்குச் செல்லாதா மச்சான்? ஒக்காரும்." மாமா உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததுதான் பேரம். ஒரு வருஷம் எதற்கு ஆகும்? இண்டர் இரண்டு, பி.ஏ. இரண்டு. நான் அப்பாவின் நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்தேன். அவர் இரண்டைத் தொட்டார். நான் நான்கு. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய மனது பண்ணி மூன்றைத் தொட்டார். தரகு செய்தவர் புத்தி, நடுவில் பிளந்தால் இரண்டு பக்கமும் எழுந்துவிடும் என்று நினைத்துவிட்டார். மூன்று வருஷப் படிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, பாதி பி.ஏ. என்று பலகை மாட்டிக்கொள்ளவா? நான்கு விரல்களையும் நொறுக்குகிற மாதிரி இறுக்கினேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தகப்பனைப் பார்த்து அப்படி விழிப்பது மரியாதை இல்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் விழித்தேன்.

அந்த முரட்டுக் கை என் நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கியது.

"முடிஞ்சது" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எத்தனைக்கு முடிஞ்சது?" என்றார் மாமா.

"துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்லுத பழக்கம் எனக்குக் கெடையாது" என்றார் அப்பா, பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு.

தெருவில் சப்பரம் வருகிற சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். நான் ஓடவில்லை. என் நான்கு விரல்களையும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்தி

இரண்டு நாள் கழித்துப் பிரின்சிபாலம்மாவின் அறையில் அப்பா நின்றார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"ஐயா, அங்கே அத்தனையும் பையன்கள். நன்றாக யோசித்தீர்களா?"

"யோசிச்சுத்தாம்மா கை குடுத்தேன்."

"யாருக்குக் கொடுத்தீர்கள்?"

"இவளுக்கு."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவர் முகத்திலும் இருந்த ஒரே மாதிரி முரண்டு மட்டும் புரிந்திருக்கும். பேனாவை எடுத்தார். "அடுத்த வருஷம் லேப் கட்டிவிடுவோம். அப்போது வருத்தப்படுவாய்" என்றார் என்னிடம்.

"கட்டுங்கள் மேடம். நூர்ஜஹானுக்குத் தங்கை இருக்கிறாள்" என்றேன்.

டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. 'திருப்தி' என்று எழுதினார். எனக்கும் அது திருப்திதான். நூர்ஜஹான் வாசல் வரை வந்து என் டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

ஆடி முடிவதற்கு முன்பே தெற்குக் கல்லூரியில் தனி பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் நால்வரும் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் தரையைக் காலால் தட்டுவார்கள். முதல் வாரம் ஒரு காகித அம்பு என் முதுகில் குத்தியது. பிரித்துப் பார்த்தேன். யாரோ பாதியில் விட்ட கணக்கு, அதுவும் தப்பு. திருத்தி, விடையும் எழுதி, அதே அம்பாக மடித்துத் திருப்பி எறிந்தேன். அதற்கப்புறம் வந்த அம்புகள் எல்லாம் கணக்கோடுதான் வந்தன.

மூடிய கை

ஒவ்வொரு தபசுக்கும் மாமா வந்தார். "என்ன அத்தான், சொன்ன வருசம் முடிஞ்சிட்டா?" என்பார். "துண்டுக்குள்ள இருக்கு மச்சான்" என்பார் அப்பா. அம்மாவுக்குக்கூட அவர் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஊரில் என்னைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. அப்பாவும் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்து, "சொன்னா கேக்காது அந்தக் கழுத" என்று மண்டியில் கத்துவார். கத்திவிட்டு வந்து பரீட்சை எப்போது என்று கேட்பார்.

பி.ஏ. தேறி வந்தேன். மாமா தாம்பாளத் தட்டோடு வந்து இறங்கினார். அதே கூடம், அதே பாய், கிட்டத்தட்ட அதே சொந்தக்காரர்கள். எனக்கு மேலே படிக்கவேண்டும், சென்னைக்குப் போகவேண்டும். ஆனால் பேசிய நான்கு வருஷம் முடிந்துவிட்டது. துண்டுக்குள் முடிந்தது முடிந்ததுதான். கேட்க எனக்கு வாய் எழவில்லை. வாழ்க்கையில் எனக்கு வாய் எழாத ஒரே நாள் அது.

"சரக்கு என்ன மச்சான்? வாய்விட்டுச் சொல்லும்" என்றார் அப்பா.

"இது என்ன கேள்வி அத்தான்? கோமதிக்கும் எம் மவனுக்கும் கல்யாணம்."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். மாமா பழக்கத்தில் கையை நீட்டினார். அப்பா அதைத் தாண்டி, துண்டோடு தன் கையை என் பக்கம் நீட்டினார்.

"நீ சொல்லுட்டி."

என் கையைத் துண்டுக்குள் கொண்டுபோனேன். அந்த முரட்டு விரல்கள் காத்திருந்தன. நான் கையை மூடிக்கொண்டேன்.

அப்பா என் மூடிய கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாமா பக்கம் திரும்பினார்.

"சரக்கு விக்கதுக்கு இல்ல மச்சான்" என்றார்.

துண்டுக்குள் நடந்ததை அப்பா வெளியே சொன்னது அந்த ஒரு தடவைதான்.